லீவு கேட்கப் பயப்படும் இடத்தில்தான் சொல்லாத லீவு அதிகம்

திருப்பூரில் 120 பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனி நடத்துபவர் கேட்டிருக்கிறார்: "தினமும் பதினைந்து பேராவது வருவதில்லை. திங்கட்கிழமை என்றால் இருபத்தைந்து. அட்டெண்டன்ஸ் போனஸ் கொடுத்துப் பார்த்தேன். சொல்லாமல் லீவு போட்டால் இரண்டு நாள் சம்பளம் பிடித்தும் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. என்ன செய்தால் ஆட்கள் ஒழுங்காக வருவார்கள்?"

இருபது வருஷத்துக்கும் மேல் இதே தொழிலில் புரொடக்‌ஷனிலும் பிறகு ஆள் நிர்வாகத்திலும் இருந்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

முதல் வேலையாக அந்த இரண்டு நாள் பிடித்தத்தை நிறுத்துங்கள். வராத நேரத்துக்கு உரிய கூலிக்கு மேல் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது என்பது 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டத்திலிருந்தே உள்ள விதி. புதிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது மாறவில்லை. பத்து பேரோ அதற்கு மேலோ பேசிவைத்துக்கொண்டு, காரணமோ முன்னறிவிப்போ இல்லாமல் நின்றுவிட்டால் மட்டும் சில நிபந்தனைகளோடு எட்டு நாள் வரை பிடிக்கலாம் என்று ஒரு விலக்கு உண்டு. தனி ஆள் ஒருவர் ஒரு நாள் வராததற்கு அது பொருந்தாது. சட்டத்தை விடுங்கள், கணக்கையே பாருங்கள். திங்கட்கிழமை வராதவருக்கு இரண்டு நாள் கூலி போய்விட்டது என்று செவ்வாய்க்கிழமை காலையிலேயே தெரியும். உடம்பு முழுதாகத் தேறவும் இல்லை. போனது போயிற்று, புதன்கிழமை போய்க்கொள்ளலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஒரு நாள் லீவை நீங்களே இரண்டு நாளாக்கிக் கொடுக்கிறீர்கள்.

அப்புறம், நீங்கள் சொன்ன பதினைந்து என்ற எண்ணை இரண்டாகப் பிரிக்க வேண்டும். நாளைக்கு வரமாட்டேன் என்று இன்றே சொன்னவர்கள் எத்தனை பேர்? எட்டரை மணி சங்கு ஊதிய பிறகு மெஷின் காலியாகக் கிடப்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டது எத்தனை பேர்? எந்தக் கம்பெனியையும் கவிழ்ப்பது இந்த இரண்டாவது எண்தான். ஒரு டி-சர்ட் லைனை எடுத்துக்கொள்ளுங்கள். ஷோல்டர் ஜாயின்ட், கழுத்து ரிப், கை, சைடு, பாட்டம் என்று ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின்கள் வரிசையாக ஓடுகின்றன. பாட்டம், அதாவது கீழ் மடிப்பு, அடிக்கிற பேட்லாக் டைலர் ஒருவர் வரவில்லை என்றால் அவருக்கு முன்னால் இருப்பவர்கள் தைத்ததெல்லாம் பண்டலாகக் குவியும். பின்னால் இருக்கும் செக்கிங் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அவர் வரமாட்டார் என்று முந்தின நாள் மாலை நாலு மணிக்குத் தெரிந்திருந்தால், பக்கத்து லைனில் பாட்டம் தெரிந்த ஆளைக் கேட்டு வைத்திருக்கலாம், இல்லையென்றால் பாட்டம் குறைவாக உள்ள ஸ்டைலை அந்த லைனுக்குப் போட்டிருக்கலாம். வராதது ஒரே ஆள்தான். சொல்லிவிட்டு வராததற்கும் சொல்லாமல் வராததற்கும் இருநூறு, முன்னூறு பீஸ் வித்தியாசம் வந்துவிடும்.

அதனால் லீவே இல்லாமல் ஆக்க முயலாதீர்கள். அது முடியாத காரியம். சொல்லாமல் எடுக்கும் லீவைச் சொல்லி எடுக்கும் லீவாக மாற்றுங்கள். இது முடியும். மற்றதெல்லாம் இதைத் தொட்டுத்தான் வரும்.

இதற்குக் குறுக்கே நிற்பது பெரும்பாலும் நாம்தான். நான் சூப்பர்வைசராக இருந்தபோது செய்த தவறையே சொல்கிறேன். செக்கிங்கில் இருந்த ஓர் அக்கா வெள்ளிக்கிழமை லீவு கேட்டார். மகளுக்குப் பள்ளியில் ஏதோ கையெழுத்துப் போட வேண்டும். ஷிப்மென்ட் இருக்கிறது, முடியாது என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை வரவில்லை, சனிக்கிழமை வந்து மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றார். பொய் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். நான் திட்டினேன். அதற்கு மேல் எனக்கு உறைக்கவில்லை. மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் ஒன்றைக் கவனித்தேன்: என் லைனில் யாருமே முன்கூட்டி லீவு கேட்பதில்லை. கேட்டால் 'முடியாது' என்று வரும். அதற்குப் பிறகும் வேலைக்கு வராவிட்டால் சொல்பேச்சு கேட்காதவர் என்ற பெயரும் சேரும். கேட்காமல் நின்றுவிட்டு மறுநாள் ஒரு காரணம் சொன்னால் திட்டோடு போய்விடும். அப்படி இருக்கும்போது கேட்காமல் நிற்பதுதான் அவர்களுக்கு லாபம். ஆட்களைப் பொய் சொல்லப் பழக்கியது நான்.

இதை மாற்றுவது சின்ன வேலை, ஆனால் ஓனரே நின்று செய்ய வேண்டும். ஒரு நாள் லீவுக்கு முந்தின நாள் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் சொன்னால், லைனுக்கு இத்தனை பேர் வரை, காரணம் கேட்காமல் லீவு உண்டு. இருபது பேர் லைன் என்றால் இரண்டு பேர். மூன்றாவதாகக் கேட்பவரிடம், "இன்னிக்கு ரெண்டு பேர் சொல்லிட்டாங்க, நீங்க நாளன்னிக்கு எடுத்துக்கலாமா?" என்று கேட்டால் பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். அவசரமென்றால் காலை ஏழரைக்குள் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி போதும். எழுதத் தெரியாதவர்களுக்கும் அது எளிது. அந்த எண்ணை எடுப்பவர் சூப்பர்வைசராக இருக்கக் கூடாது. ஆபீஸில் கடுகடுக்காத ஒருவர் இருந்தால் அவரிடம் கொடுங்கள்.

சம்பளத்தோடு கூடிய லீவு பற்றியும் சொல்ல வேண்டும். இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் என்று ஆண்டு விடுப்பு 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருக்கிறது. அப்போது 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அதை 180 நாளாகக் குறைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் பல கம்பெனிகளில் இது வருஷக் கடைசியில் காசாகப் போகும், இல்லையென்றால் ஏட்டில் மட்டும் இருக்கும். தனக்கு எத்தனை நாள் லீவு பாக்கி என்று உங்கள் டைலரிடம் கேட்டுப் பாருங்கள், தெரியாது என்பார். சம்பளக் கவரிலேயே அந்த எண்ணை எழுதிக் கொடுங்கள். தனக்குப் பத்து நாள் இருக்கிறது என்று தெரிந்தவர் அதை எப்போது எடுக்கலாம் என்று யோசிப்பார். கேட்கவும் வருவார்.

இனி உங்கள் மஸ்டர் ரோலை, அதாவது வருகைப் பதிவேட்டை, எடுத்துக்கொண்டு உட்காருங்கள். சாப்ட்வேர் எதுவும் வேண்டாம். கடைசி மூன்று மாதத்தை ஒரு சார்ட் பேப்பரில் ஆள்வாரியாக எழுதி, வராத நாளில் சிவப்புப் புள்ளி வையுங்கள். எனக்குத் தெரிந்த எந்தக் கம்பெனியிலும் புள்ளிகள் சமமாகப் பரவியிருந்ததில்லை. பாதிக்கு மேற்பட்ட ஆட்களுக்கு ஒன்றிரண்டு புள்ளிதான் இருக்கும். கொஞ்சம் பேரிடம் கொத்துக் கொத்தாக இருக்கும். ஒரு குறிப்பிட்ட லைனில் மட்டும் அதிகமாக இருந்தால் அந்தச் சூப்பர்வைசரின் வாயைக் கவனியுங்கள். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் அதிகம் என்றால் அவர்களை முதல் வாரம் யார் பக்கத்தில் உட்கார வைத்தீர்கள் என்று பாருங்கள்.

பிரிட்டனில் இதற்குப் பிராட்ஃபோர்டு கணக்கு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். எத்தனை தடவை வரவில்லை என்பதை அதே எண்ணால் பெருக்கி, மொத்த நாளாலும் பெருக்குவது. ஒரே தடவையில் பத்து நாள் படுத்தவருக்கு 10 வரும். பத்து தடவை ஒவ்வொரு நாளாக நின்றவருக்கு 1000 வரும். துண்டு துண்டான லீவுதான் உற்பத்தியைக் கெடுக்கிறது என்பதைக் காட்ட இது நல்ல கணக்கு. ஆனால் இதை வைத்து மெமோ கொடுக்காதீர்கள். அடிக்கடி காய்ச்சல் வரும் குழந்தை உள்ள தாய்க்கும், மாதாமாதம் வலியில் துடிப்பவருக்கும்தான் இதில் அதிக எண் வரும். யாரிடம் உட்கார்ந்து பேச வேண்டும் என்று கண்டுபிடிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமைக்கு வருவோம். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை குடி, திங்கள் எழுந்திருக்க முடியவில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது இல்லாமல் இல்லை. ஆனால் சார்ட்டில் திங்கட்கிழமைப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, அவர்கள் முந்தின வாரம் எத்தனை நாள் ஒன்றரை ஷிப்ட் பார்த்தார்கள் என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நான் எழுதிப் பார்த்தபோது, குடிக்கவே செய்யாத பெண்களும் திங்கட்கிழமை நிறையப் பேர் நின்றிருந்தார்கள். காலை எட்டரைக்கு வந்து இரவு எட்டரைக்குப் போகிறவர் வாரத்தில் ஐந்து நாள் அப்படி உழைத்து, ஞாயிறும் அரை நாள் அவசர வேலைக்கு வந்தால், துணி துவைக்க, தண்ணீர் பிடிக்க, ரேஷனுக்குப் போக அவருக்கு எந்த நாள் இருக்கிறது? திங்கட்கிழமைதான் அவருடைய ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு வேலை வாங்கினால் அடுத்த வாரத்தில் ஒரு நாளை நீங்களே முன்கூட்டி அறிவித்து விட்டுவிடுங்கள். ஒன்றரை ஷிப்ட்டை வாரத்துக்கு மூன்று நாள் என்று கட்டுப்படுத்திப் பாருங்கள். ஆள் வராததால் ஓவர்டைம், ஓவர்டைம் பார்த்ததால் ஆள் வருவதில்லை என்று சுற்றிச் சுற்றி வருகிறது இது. எங்காவது ஓரிடத்தில் வெட்டத்தான் வேண்டும்.

பெண்களின் லீவைப் பற்றி ஆண் மேனேஜர்கள் யாரும் வாய் திறப்பதில்லை. தமிழ்நாட்டின் சில ஆயத்த ஆடைக் கம்பெனிகளில் மாதவிடாய் வலிக்கு என்ன மாத்திரை என்றே சொல்லாமல் கொடுத்து வேலை வாங்கியது 2019-இல் செய்தியாக வந்தது. லீவைக் குறைக்க அதுவும் ஒரு வழி என்று நினைத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். அது பெருங்கொடுமை. செய்ய வேண்டியது வேறு. தண்ணீர் வரும் கழிப்பறை, நாப்கின், படுக்க ஒரு கட்டில் போட்ட அறை, அரை மணி நேரம் அங்கே போய் வந்தால் யாரும் கேள்வி கேட்காத நிலை. இத்தனையும் இருந்தால் முழு நாள் நிற்பவர்களில் பலர் அரை நாளாவது வருவார்கள். கர்நாடக அரசு 2025-இல் மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு மாதவிடாய் விடுப்பு என்று கொண்டுவந்திருக்கிறது. உங்களுக்கு அது கட்டாயமில்லை. கொடுத்தால் அந்த நாளும் சொல்லி எடுக்கும் லீவாகிவிடும்.

குழந்தைகள் விஷயத்தில் உங்களுக்குக் கடமையே இருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு உதவிச் சட்டத்தில் சேர்த்தார்கள். பல கம்பெனிகளில் ஆடிட் வரும் நாளில் மட்டும் அந்த அறையைத் திறந்து பொம்மைகளைத் துடைத்து வைப்பார்கள். நிஜமாகவே பால் காய்ச்சிக் கொடுக்கவும் தூங்க வைக்கவும் ஓர் ஆயாவைப் போட்டு நடத்திப் பாருங்கள். பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று நிற்கும் தாய்மார்கள் வந்துவிடுவார்கள்.

உடம்பு சரியில்லை என்ற காரணத்தில் தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈஎஸ்ஐக்குப் பெரிய பங்கு உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் அதில் வருகிறார்கள். கம்பெனி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்டுகிறார்கள். நோய்க்காலப் பணமாகச் சம்பளத்தில் 70 சதவீதம் வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஆனால் நோயின் முதல் இரண்டு நாளுக்குப் பொதுவாகப் பணம் வராது. ஒரு நாள் காய்ச்சலுக்கு டிஸ்பென்சரி வரிசையில் பாதி நாள் போகும், பணமும் வராது. அதனால் காய்ச்சலோடேயே வேலைக்கு வருகிறார்கள், லைன் முழுக்கப் பரவுகிறது, அடுத்த வாரம் நாலு பேர் வருவதில்லை. வருஷத்துக்கு இரண்டு நாள் கம்பெனி செலவிலேயே நோய் லீவு கொடுத்தால் இந்த ஓட்டை அடைபடும். வாரம் ஒரு நாள் மாலையில் ஒரு டாக்டரைக் கம்பெனிக்கே வரச் சொல்வது அதைவிடவும் பலன் தரும்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். ஈ. சோமநாதன், ரோகிணி சோமநாதன், அனந்த் சுதர்சன், மீனு திவாரி ஆகியோர் இந்தியத் தொழிற்சாலைகளை வைத்துச் செய்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. வெப்பம் கூடினால் வேலைத்திறனும் குறைகிறது, வருகையும் குறைகிறது என்று அதில் கண்டார்கள். உள்ளே குளிர்வித்தால் வேலைத்திறன் இழப்பு குறைகிறது, ஆனால் வருகை அப்படிச் சீராவதில்லை. ஏனென்றால் தொழிலாளி இரவில் தூங்குவது தகரக் கூரையின் கீழ். ஏப்ரல், மே மாதங்களில் உங்கள் சார்ட் சிவந்துபோனால் ஆட்களைக் குறை சொல்லாதீர்கள். அந்த இரண்டு மாதத்துக்கு ஷிப்ட்டை முன்னதாகத் தொடங்கிச் சீக்கிரம் விட்டுவிட முடியுமா என்று அவர்களையே கேளுங்கள்.

பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்கள் இருந்தால் அவர்கள் கணக்கே வேறு. அவர்கள் ஒரு நாள் லீவு போடமாட்டார்கள், போனால் இருபது நாள், ஒரு மாதம். ஹோலி, சட் பூஜை, ஊர்த் தேர்தல், அறுவடை எல்லாம் எப்போது என்று முன்பே தெரியும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன் திறக்கிறது. அதற்கு ஒரு வாரம் முன்னால் நீங்களே கூப்பிட்டு, யார் யார் எந்தத் தேதியில் போகிறீர்கள் என்று எழுதி, இரண்டு தவணையாகப் பிரித்து, திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துக் கொடுங்கள். அந்தப் பணத்தைப் பிறகு பிடித்துக்கொள்வதைவிடக் கம்பெனியே ஏற்பது நல்லது. 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது பயந்து ஊருக்குப் போனவர்கள் உண்டு. அந்த நேரத்தில் அவர்கள் மொழியில் பேசி நம்பிக்கை தர ஒருவரைக் கம்பெனியில் வைத்திருந்தவர்களுக்கு நிலைமையைச் சமாளிப்பது எளிதாக இருந்தது. இந்தி தெரிந்த ஒருவர் உங்களிடமும் வேண்டும், அதுவும் ஆள் பிடித்துத் தரும் ஏஜென்டாக இல்லாமல் உங்கள் சம்பளத்தில் இருப்பவராக.

அட்டெண்டன்ஸ் போனஸ் ஏன் பலிக்கவில்லை என்று கேட்டீர்கள். மாதம் முழுக்க வந்தால் 1000 ரூபாய், ஒரு நாள் தவறினாலும் ஒன்றுமில்லை என்றுதானே வைத்திருப்பீர்கள்? மூன்றாம் தேதி குழந்தைக்குக் காய்ச்சல் என்று நின்றவருக்கு மீதி மாதம் முழுக்க அந்தப் போனஸால் ஒரு பயனும் இல்லை. ஜெர்மனியில் ஒரு கடைச் சங்கிலியில் பயிற்சித் தொழிலாளர்களுக்கு வருகைக்குப் பணம் கொடுத்துச் சோதித்தார்கள். வராத நாட்கள் குறையவில்லை, கூடின. வேலைக்கு வருவது இயல்பான கடமை என்று இருந்தது, பணம் வைத்ததும் வராமல் இருப்பதும் ஒரு தேர்வுதான், அதற்கு ஒரு விலை இருக்கிறது, அவ்வளவுதான் என்று ஆகிவிட்டது. நம் ஊரில் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருப்பதை நிறுத்தினால் சம்பளம் குறைந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள், அதனால் நிறுத்தாதீர்கள். வடிவத்தை மாற்றுங்கள். வாரக் கணக்காக்கி 250 ரூபாய் என்று பிரித்துவிடுங்கள். முன்கூட்டிச் சொல்லி எடுத்த லீவுக்குப் போனஸ் போகக் கூடாது, சொல்லாமல் நின்றால் மட்டும் அந்த வாரத்தது போகட்டும்.

இது எல்லாவற்றையும்விட மலிவான ஒன்று, ஒருவர் திரும்பி வரும் காலையில் நடக்கும் பேச்சு. சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் "வந்துட்டியா மகாராணி" என்று ஆரம்பித்தால் மூன்றாம் நாள் வர நினைத்தவர் நான்காம் நாளும் தள்ளிப்போடுவார். அந்த ஒரு வசவுக்குப் பயந்து வேறு கம்பெனிக்கே போனவர்களை எனக்குத் தெரியும். மெஷினுக்குப் பக்கத்தில் போய் மெதுவாக, "ஏனுங்கக்கா, நேத்து உங்களைக் காணமே, வீட்ல ஏதாச்சுங்களா?" என்று கேட்கச் சொல்லுங்கள். பதிலை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பெங்களூரில் ஒரு பெரிய ஆயத்த ஆடை நிறுவனத்தில், எதிர்பார்த்த அளவு கூலி உயராத நேரத்தில், ஒரு பகுதித் தொழிலாளர்களிடம் மட்டும் பெயர் சொல்லத் தேவையில்லாமல் கருத்துக் கேட்டார்கள். கூலி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் கேட்கப்பட்டவர்கள் வேலையை விட்டுப் போவது சுமார் 20 சதவீதம் குறைவாக இருந்தது. கேட்டதற்கே இவ்வளவு.

கடைசியாக, எவ்வளவு செய்தாலும் தினமும் ஏழெட்டுப் பேர் வரமாட்டார்கள். அதை இழப்பாக நினைக்காமல் கணக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள். லைனுக்கு ஒருவராவது மூன்று ஆபரேஷன் தெரிந்தவராக இருக்கட்டும். அவருக்குத் தனியாகக் கூலி கூட்டிக் கொடுங்கள், இல்லையென்றால் கற்றுக்கொண்டதற்குத் தண்டனையாக ஓட்டைக்கெல்லாம் ஓடுகிறோம் என்று நினைத்துவிடுவார். லைன் சூப்பர்வைசர்கள் ஒருவருக்கொருவர் ஆள் கொடுத்து வாங்குவதையும் பழக்குங்கள். தங்களுக்குப் பிடித்த ஓரிருவரோடு மட்டும் அப்படிச் செய்வார்கள், மற்ற லைனில் ஆள் சும்மா இருந்தாலும் கேட்க மாட்டார்கள். காலை ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் எல்லோரையும் நிற்க வைத்து யாருக்கு என்ன ஆள் வேண்டும் என்று நீங்களே கேட்டால் அது உடையும்.

இவ்வளவையும் ஒரே மாதத்தில் செய்ய வேண்டாம். முதல் மாதம் பிடித்தத்தை நிறுத்தி, லீவு சொல்ல வழி திறந்து, மஸ்டர் ரோலில் 'முன்பே சொன்னது', 'சொல்லாதது' என்று இரண்டு பத்தி போடுங்கள். அப்போது மொத்த எண்ணிக்கை கொஞ்சம் கூடக்கூடச் செய்யலாம், பதினைந்து பதினேழாகலாம். இத்தனை நாள் உடம்பு முடியாமலும் வந்துகொண்டிருந்தவர்கள் இப்போது கேட்டு எடுப்பார்கள். பயந்து பழையபடி மாறிவிடாதீர்கள். இரண்டாவது பத்தியை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். அது பன்னிரண்டிலிருந்து எட்டு, எட்டிலிருந்து ஐந்து என்று இறங்கினால், அடுத்து திங்கட்கிழமையில் கை வைக்கலாம்.